கட்டி எடுத்த பிறகு

மூளைக்கட்டியோடு வரும் குழந்தையின் பெற்றோருக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் மூன்று டாக்டர்கள் முக்கியம். கட்டியை எடுக்கும் நரம்பியல் சர்ஜன், மிச்சத்துக்குக் கதிர்வீச்சு கொடுப்பவர், ஹார்மோன் பார்ப்பவர். அவர்களுக்கு அடுத்து நான். ஹார்மோன் பிரிவு நர்ஸ். டாக்டர் சீட்டில் எழுதியதை வீட்டில் எப்படிச் செய்வது என்று சொல்லிக் கொடுப்பதுதான் என் வேலை. மாத்திரையைக் கால் பங்காக வெட்டுவது, தொடையில் ஊசி போடுவது, சிறுநீரை அளந்து நோட்டில் எழுதுவது, பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்க ஒரு கடிதம் தயார் செய்வது. பல வருடங்களாக இதே வேலை.

பெங்களூரில் ஓசூர் ரோட்டை ஒட்டி நிம்ஹான்ஸும் கித்வாய் புற்றுநோய் நிலையமும் இந்திரா காந்தி குழந்தைகள் மருத்துவமனையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கொஞ்சம் தள்ளினால் கோரமங்கலாவில் செயின்ட் ஜான்ஸ். அதனால் மூளைக்கட்டி என்று தெரிந்தால் கர்நாடகத்துக்காரர்கள் மட்டுமல்ல, கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர், சித்தூர், அனந்தபூர்க்காரர்களும் இந்த ஊருக்குத்தான் பஸ் ஏறுகிறார்கள். எங்கள் வார்டிலும் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது நாலும் புழங்கும். நான் ஜோலார்பேட்டைப் பக்கம் பிறந்தவள். தமிழ்க் குடும்பம் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் ஏறக்குறைய எல்லாத் தாய்மார்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். “கட்டியத்தான் எடுத்துட்டாங்களே சிஸ்டர், கேன்சரும் இல்லைன்னுட்டாங்க. அப்புறம் எதுக்கு இத்தனை மாத்திரை?” மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதாலமஸ் என்று ஓர் இடம் இருக்கிறது. பெரியவர்களுக்கே அது சுமார் 4 கிராம் எடைதான். பசி, தாகம், தூக்கம், உடல் சூடு, வளர்ச்சி, பருவமடைதல், ஆபத்து வந்தால் உடம்பு தாக்குப்பிடிப்பது என எல்லாவற்றையும் அது நம்மைக் கேட்காமலே பார்த்துக்கொள்கிறது. கட்டியாலோ சிகிச்சையாலோ அது அடிபட்டுவிட்டால், அந்த வேலைகளை அன்றிலிருந்து வீடுதான் கடிகாரம் பார்த்துச் செய்ய வேண்டும். பெற்றோர் மனதில் இது பதிந்துவிட்டால் குழந்தை பிழைத்துக்கொள்ளும். பதியாமல் போனால், நல்லபடியாக ஆபரேஷன் முடிந்த குழந்தையையும் ஒரு சாதாரணக் காய்ச்சலில் இழக்க நேரிடும்.

எங்களிடம் இப்படி வரும் குழந்தைகளில் பலருக்கு இருப்பது கிரானியோஃபாரிஞ்சியோமா. வாயில் நுழையாத பெயர். அபூர்வமான கட்டி, வருடத்துக்குப் பத்து லட்சம் பேரில் அதிகம் போனால் இரண்டு பேருக்கு வரும். குழந்தைகளில் 5 முதல் 14 வயதுக்குள் அதிகம். கரு வளரும்போது பிட்யூட்டரி சுரப்பி உருவாவதற்காக வாயின் மேற்கூரையிலிருந்து ஏறிப்போகும் திசுவில் கொஞ்சம் தங்கிவிட்டால், பிற்காலத்தில் அதிலிருந்து இந்தக் கட்டி கிளம்பலாம். உள்ளே சுண்ணாம்புப் படிவும் கரும்பழுப்பு நீரும் இருக்கும். புற்று இல்லை, வேறு உறுப்புக்குப் பரவுவது மிக மிக அபூர்வம். ஆனால் அது வளரும் இடம் பொல்லாதது. முன்பக்கம் கண் நரம்பு, கீழே பிட்யூட்டரி, மேலே ஹைப்போதாலமஸ்.

தலைவலியும் வாந்தியும் வரும் முன்பே உடம்பு சேதி சொல்லியிருக்கும். போன வருடத்துச் சீருடையே இந்த வருடமும் பொருந்தும். தம்பி அண்ணனின் உயரத்தைத் தொட்டுவிடுவான். பிள்ளை முதல் பெஞ்சுக்கு மாறியும் போர்டு தெரியவில்லை என்பான். கண்ணாடி மாற்றியும் தெளியாது. ராத்திரி நாலைந்து முறை எழுந்து தண்ணீர் குடிப்பான். “எங்க வீட்ல எல்லாருமே குள்ளம்தான் சிஸ்டர்” என்று சொல்லிக்கொண்டே இரண்டு வருடம் கடத்திவிட்டு வந்தவர்கள் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழந்தையைச் சுவரில் நிறுத்தி உயரத்தைக் குறித்து வையுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். வளர்ச்சி நின்றால் காரணம் தேட வேண்டும்.

சில பெற்றோருக்கு எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் ‘மிச்சக் கட்டி’ என்று பார்த்ததும் மனசு உடைந்துவிடும். “முழுசா எடுத்திருக்கலாமே?” என்பார்கள். ஒரு காலத்தில் முழுவதையும் எடுப்பதையே பெரும்பாலான சர்ஜன்கள் இலக்காக வைத்திருந்தார்கள். கட்டி ஹைப்போதாலமஸோடு ஒட்டியிருக்கும்போது முழுசாகப் பிரித்தால் அதுவும் சேர்ந்து சிதையும் என்பதைப் பாரிஸிலும் ஜெர்மனியிலும் நடந்த நெடுங்கால ஆய்வுகள் தெளிவாக்கின. 2007-இல் பாரிஸ் குழு, ஹைப்போதாலமஸ் எந்த அளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்று ஆபரேஷனுக்கு முன்பே படத்தில் பார்த்துத் தரம் பிரித்து, அதற்கேற்ப எவ்வளவு எடுப்பது என்று முடிவு செய்யும் முறையை வெளியிட்டது. இன்று ஒட்டியிருக்கும் பகுதியை விட்டுவிட்டுக் கதிர்வீச்சு கொடுப்பது பல இடங்களில் வழக்கம். விட்டு வைத்த அந்தத் துண்டு சர்ஜனின் கவனக்குறைவு இல்லை. பிள்ளையின் பசியையும் தூக்கத்தையும் காப்பாற்ற அவர் எடுத்த முடிவு.

நான் முதலில் சொல்லித் தருவது ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை. உடம்பில் தானாக ஊறும் கார்டிசால் நின்றுபோனதால் வெளியிலிருந்து கொடுக்கிறோம். காலை எழுந்ததும், மதியம், சாயங்காலம். பொதுவாக மூன்று வேளை, சின்னச் சின்ன அளவில். இது ‘ஸ்டீராய்டு’ என்று யாராவது காதில் போட்டதும் வீட்டில் பயம் வந்துவிடும். ஊருக்குப் போனதும் மாமாவோ மருந்துக்கடைக்காரரோ “ஸ்டீராய்டா? உடனே நிறுத்து” என்பார்கள். நான் பெற்றோரின் கண்ணைப் பார்த்துச் சொல்வேன்: “இது உங்க புள்ள உடம்பே தர வேண்டிய பொருள். அது தர மாட்டேங்குது, நாம தர்றோம். யார் சொன்னாலும் நிறுத்தக் கூடாதும்மா.” தைராய்டு மாத்திரையும் வேண்டியிருந்தால் அதை இரண்டாவதாகத்தான் தொடங்குவோம். கார்டிசால் இல்லாத உடம்பில் தைராய்டு மருந்தை முதலில் கொடுத்தால் ஆபத்து.

அடுத்தது காய்ச்சல் விதி. நமக்குக் காய்ச்சல் வந்தால் உடம்பு தானே கார்டிசாலைக் கூட்டிக்கொள்ளும். இந்தப் பிள்ளைகளுக்கு நாம்தான் கூட்ட வேண்டும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் அன்றாட அளவைப் பொதுவாக இரண்டு மடங்கு, இன்னும் ஏறினால் மூன்று மடங்கு. பல் பிடுங்கினாலும் எலும்பு முறிந்தாலும் அப்படியே கூட்ட வேண்டும். எவ்வளவு என்பதை டாக்டர் எழுதிக் கொடுத்திருப்பார். வாந்தியில் மாத்திரை நிற்கவில்லை என்றாலோ, பிள்ளை துவண்டு மயங்கினாலோ, யோசிக்காமல் ஹைட்ரோகார்டிசோன் ஊசியைத் தொடையில் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். ஆம்புலன்ஸ் வரட்டும், அப்பா வேலையிலிருந்து வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 100 மில்லிகிராம் பொடிக்குப்பியில் தண்ணீர் கலந்து ஊசியில் இழுப்பதை அம்மா, அப்பா, பாட்டி, பெரிய அக்கா யாராக இருந்தாலும் என் முன்னால் செய்து காட்டச் சொல்வேன். கை நடுங்குவது நிற்கும்வரை செய்யச் சொல்வேன்.

குழந்தையின் பையில் எப்போதும் ஓர் அட்டை இருக்க வேண்டும். ‘இந்தக் குழந்தைக்குக் கார்டிசால் சுரக்காது. அவசரத்தில் முதலில் ஹைட்ரோகார்டிசோன் ஊசி போடவும்’ என்று கன்னடம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் எழுதி, எங்கள் போன் நம்பரும் போட்டுத் தருகிறோம். வாணியம்பாடியிலோ தேன்கனிக்கோட்டையிலோ ராத்திரி டூட்டியில் இருக்கும் இளம் டாக்டர், இந்த நோயைப் பாடப் புத்தகத்தில் மட்டுமே பார்த்தவராக இருக்கலாம். பிள்ளையின் உயிருக்கு அந்த நிமிஷத்தில் அந்த அட்டைதான் பேசும். நேர்த்திக்கடன், விரதம், உபவாசம் என்று பிள்ளையைப் பட்டினி போடக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுவேன். சாமி கோபித்துக்கொள்ளாது; பெரியவர்கள் யாராவது பிள்ளைக்குப் பதிலாக இருக்கட்டும்.

இரண்டாவது பாடம் தண்ணீர். சிறுநீரைக் கட்டுப்படுத்தும் வாசோபிரசின் ஹார்மோன் ஹைப்போதாலமஸில்தான் உருவாகிறது. அது நின்றால் குடித்த தண்ணீரெல்லாம் நிறமே இல்லாத சிறுநீராகப் போய்க்கொண்டே இருக்கும். இதற்கும் சர்க்கரை நோய்க்கும் சம்பந்தமில்லை. ஆபரேஷன் முடிந்த முதல் சில நாட்கள் எங்கள் வார்டில் அளவு ஜாடியோடுதான் ஓடிக்கொண்டிருப்போம். முதலில் குடம் குடமாகப் போகும். பிறகு சில நாட்கள் திடீரென்று அடங்கிவிடும். சரியாகிவிட்டது என்று அம்மா கும்பிடுவார். அந்த நேரத்தில் தண்ணீர் அதிகம் கொடுத்தால் ரத்தத்தில் உப்பு இறங்கி வலிப்பு வரும். அதற்கடுத்து மறுபடி வெள்ளம் தொடங்கி, பலருக்கு நிரந்தரமாகிவிடும். எல்லோருக்கும் இந்த மூன்று கட்டமும் வருவதில்லை. வரக்கூடும் என்று தெரிந்தவர்கள்தான் அந்த நாட்களில் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மருந்து டெஸ்மோபிரசின், மாத்திரையாகவும் மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயாகவும் கிடைக்கிறது. அடுத்த வேளை கொடுப்பதற்கு முன் பிள்ளை ஒருமுறை நிறையச் சிறுநீர் போய்விட்டதா என்று பார்த்துக் கொடுக்கச் சொல்கிறோம். மருந்து மேல் மருந்தாகச் சேர்ந்து உடம்பில் தண்ணீர் தேங்காமலிருக்க அதுதான் வழி. தாகம் தெரிகிற பிள்ளை தானே கேட்டுக் குடித்துச் சமாளித்துக்கொள்ளும். தாகமே தெரியாத பிள்ளைகள்தான் எங்களுக்குப் பெரிய கவலை. நாக்கு வறண்டு உதடு வெடித்தாலும் அவர்களுக்குத் தண்ணீர் குடிக்கத் தோன்றாது. அவர்களுக்குத் தினமும் காலையில் எடை பார்த்து, எத்தனை மில்லி என்று பாட்டிலில் கோடு போட்டு, மணி அடித்துக் கொடுக்க வேண்டும். பெங்களூர்க் குளிருக்குப் போட்ட கணக்கு மே மாதம் வேலூரில் பாட்டி வீட்டுக்குப் போனால் செல்லாது. லீவுக்கு ஊருக்குக் கிளம்பும் முன் எனக்கு ஒரு போன் போடுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். போடுகிறார்கள்.

இனி பசி. இதைப் பேசத்தான் எனக்கு நேரம் போதுவதில்லை. சிறுவயதில் கிரானியோஃபாரிஞ்சியோமா வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஹைப்போதாலமஸ் பாதிப்பால் உடல் பெருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகான முதல் ஆறு மாதம், ஒரு வருடத்தில்தான் எடை மிக வேகமாக ஏறும். மண்டியாவிலிருந்து வந்த ஒரு தாய் என் மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டு, “ஹொட்டே தும்பல்லா சிஸ்டர்” என்று அழுதார். எவ்வளவு போட்டாலும் மகளுக்கு வயிறு நிறையவில்லையாம். ராகி முத்தே இரண்டு உருண்டை சாப்பிட்டுக் கை கழுவிய பத்தாவது நிமிஷம் சமையலறையில் டப்பா திறக்கும் சத்தம். ராத்திரி எழுந்து ஊறவைத்த அரிசியைத் தின்கிறாள். அடித்தும் பார்த்துவிட்டேன் என்றார்.

அந்தத் தாயிடம் எங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டியை வைத்துச் சொன்னேன். மாடித் தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் சென்சார் ஒன்று உண்டல்லவா. அதன் ஒயர் அறுந்தால் தொட்டி வழிந்தாலும் மோட்டார் ஓடிக்கொண்டேதான் இருக்கும். உடம்பில் கொழுப்பு போதும் என்று சொல்லும் சேதி லெப்டின் என்ற ஹார்மோன் வழியாக ஹைப்போதாலமஸுக்குப் போகிறது. லெப்டின் கண்டுபிடிக்கப்பட்டது 1994-இல்தான். இந்தப் பிள்ளைகளுக்கு ரத்தத்தில் லெப்டின் நிறைய இருக்கிறது. அதைக் கேட்க வேண்டிய இடம்தான் இல்லை. கேட்காத மூளை, உடம்பு பட்டினி கிடக்கிறது என்றே முடிவுகட்டுகிறது. பசியைக் கூட்டுகிறது. சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியைக் குறைக்கிறது. நரம்பு வழியாகக் கணையத்தைத் தூண்டி இன்சுலினைக் கூட்டி, வந்ததையெல்லாம் கொழுப்பாகச் சேர்க்கிறது. அதனால்தான் மற்றப் பிள்ளைகளைவிடக் குறைவாகச் சாப்பிடும் பிள்ளைக்கும் எடை ஏறுகிறது. இதில் சோம்பலோ பேராசையோ எங்கே இருக்கிறது?

மருத்துவ உலகத்துக்கு இது புதிதும் அல்ல. வியன்னாவில் 1901-இல் ஆல்ஃபிரட் ஃப்ரோலிச் என்ற டாக்டர், தலைவலியும் பார்வைக் குறையும் வேகமாகப் பெருத்த உடம்பும் கொண்ட ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். பிட்யூட்டரி கெட்டதால் வந்த பருமன் என்று கருதப்பட்டது. அதே ஊரின் யாக்கோப் எர்ட்ஹைம் 1904-இல், பருமனுக்குக் காரணம் பிட்யூட்டரி இல்லை, அதற்கு மேலே மூளையின் அடிப்பகுதி அடிபடுவதுதான் என்றார். 1940-இல் ஹெதரிங்டனும் ரான்சனும் எலிகளின் ஹைப்போதாலமஸில் குறிப்பிட்ட இடத்தை மட்டும் சிதைத்து, அவை பெருத்ததைக் காட்டினார்கள். நூறு வருடத்துக்கு மேல் தெரிந்த ஓர் உண்மை நம் வகுப்பறைக்கும் கல்யாண வீட்டுப் பந்திக்கும் இன்னும் வந்து சேரவில்லை என்பதுதான் என் வருத்தம். “ஆபரேஷன் பண்ணினதுக்கப்புறம் நல்லா போஷாக்கா இருக்கானே” என்று முதல் மூன்று மாதம் மகிழும் சொந்தக்காரர்களே, ஒரு வருடத்தில் “வாயைக் கட்டத் தெரியாதா?” என்று அம்மாவைக் கேட்கிறார்கள். வகுப்பில் பிள்ளைக்குப் பட்டப்பெயர் வைத்தாகிவிடும்.

வீட்டில் செய்ய வேண்டியதை ஆபரேஷனுக்கு முன்பே தொடங்கச் சொல்கிறேன். எடை ஏறிய பிறகு இறக்குவதைவிட ஏறும் வேகத்தைக் குறைப்பது கொஞ்சம் எளிது. பிள்ளைக்கென்று தனிச் சமையல் வேண்டாம். வீடே ஒரே சாப்பாட்டுக்கு மாற வேண்டும். அண்ணன் கையில் பஃப்ஸும் தம்பி கையில் வெள்ளரிக்காயும் இருந்தால் தாங்கக்கூடிய மனசு எந்தப் பிள்ளைக்கும் கிடையாது. வேளைகள் மணிப்படி, அடுத்த வேளை எப்போது, என்ன என்று பிள்ளைக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் பதற்றம் குறைகிறது. சமையலறை அலமாரிக்குப் பூட்டுப் போடுவதைத் தண்டனையாகச் சொல்லாமல், எல்லோருக்கும் பொதுவான ஏற்பாடாக வையுங்கள். பேக்கரி இருக்கும் தெருவை விட்டு வேறு தெருவில் நடக்கக் கூட்டிப் போங்கள். இவ்வளவும் செய்தும் எடை ஏறினால் அம்மா தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்ளக் கூடாது.

மருந்துகள் வருமா என்று கேட்கிறார்கள். செட்மெலனோடைட் என்று தினமும் போடும் ஊசி ஒன்று, ஹைப்போதாலமஸில் அறுந்த சேதித் தொடருக்கு அடுத்த கண்ணியை நேரடியாகத் தூண்டுகிறது. 2025-இல் வெளிவந்த மூன்றாம் கட்டச் சோதனை முடிவில், அதைப் போட்டுக்கொண்டவர்களின் பி.எம்.ஐ. 52 வாரத்தில் சராசரியாக 16.5 சதவீதம் குறைந்தது. போலி ஊசி போட்டவர்களுக்குக் குறையவே இல்லை. மூளையின் அந்த இடத்தில்தான் கோளாறு என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நினைத்தவுடன் பக்கத்து மருந்துக்கடையில் வாங்கக்கூடிய மருந்து இல்லை அது. சர்க்கரைக்கும் எடைக்கும் இப்போது பரவலாகப் பேசப்படும் வார ஊசிகளையும் சிலருக்கு டாக்டர்கள் கொடுத்துப் பார்க்கிறார்கள். பலன் ஆளுக்கு ஆள் மாறுகிறது. வாட்ஸ்அப்பில் வரும் எடைக் குறைப்புப் பொடிகளை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள்.

சொல்லாமல் விட்டால் தெரியாமலே போகும் பாதிப்புகளும் இருக்கின்றன. சில பிள்ளைகள் இரவில் நன்றாகத் தூங்கியும் முதல் பீரியடிலேயே மேஜையில் சாய்ந்துவிடுவார்கள். உடம்பு பெருத்த பிள்ளைக்குக் குறட்டையும் மூச்சுத் தடையும் இருக்கலாம்; அதைத் தனியாகப் பரிசோதிக்க வேண்டும். சிலருக்கு உடல் சூடு நிலையாக நிற்காது. சிலருக்குக் காலையில் படித்தது சாயங்காலம் நினைவில் இருக்காது. சட்டென்று கோபம் வரும், பிறகு அழுகை வரும். பார்வையும் குறைந்திருந்தால் பக்கவாட்டில் வரும் பந்தோ சைக்கிளோ தெரியாது. இதையெல்லாம் வரிசையாக எழுதித்தான் பள்ளிக்கூடக் கடிதம் தயார் செய்கிறோம். கேட்டவுடன் பாத்ரூம் போக அனுமதி, தண்ணீர் பாட்டில் மேஜை மேல், பரீட்சையில் கூடுதல் நேரம், மதிய மாத்திரைக்கு ஒரு பொறுப்பாளர். இந்த நாலையும் செய்து கொடுத்த ஆசிரியர்களின் வகுப்பில் எங்கள் பிள்ளைகள் நன்றாகவே படிக்கிறார்கள்.

கதிர்வீச்சு கொடுத்த பிள்ளைக்கு இன்னொரு காத்திருப்பு உண்டு. வாரம் ஐந்து நாளாக ஆறு வாரம் போல நடக்கும் சிகிச்சை அப்போது முடிந்துவிடும். அதன் விளைவு வருடங்கள் கழித்தும் வரும். முதலில் அடிபடுவது பெரும்பாலும் வளர்ச்சி ஹார்மோன். பிறகு மற்றவை ஒவ்வொன்றாக. சிலருக்குப் பருவம் சீக்கிரமே வந்துவிடும், சிலருக்கு வராமலே நிற்கும். சென்னையில் 2019-இல் அப்போலோ தொடங்கிய புரோட்டான் சிகிச்சை சுற்றியுள்ள மூளைக்குப் போகும் கதிரைக் குறைக்கிறது. ஆனால் ஹைப்போதாலமஸை ஒட்டியே கட்டி இருந்தால் புரோட்டானாலும் அந்த இடத்தைத் தவிர்க்க முடியாது. ஆகவே ‘இப்போது எல்லாம் நார்மல்’ என்ற ரிப்போர்ட் கையில் இருந்தாலும் வருடாவருடம் வர வேண்டும்.

வர வைப்பதுதான் கஷ்டம். அரசுக் காப்பீட்டில் ஆபரேஷனுக்கு வழி இருக்கிறது. ஆயுஷ்மான் பாரத் திட்டம் டிஸ்சார்ஜுக்குப் பிறகு 15 நாள் வரையான செலவை ஏற்கிறது. இந்தப் பிள்ளைகளின் மாத்திரைக் கணக்கு பதினாறாவது நாளிலிருந்து ஆயுள் முழுக்க ஓடுகிறது. வளர்ச்சி ஹார்மோன் ஊசியைப் பாதியில் நிறுத்துபவர்கள் அதிகமும் பணத்தால்தான் நிறுத்துகிறார்கள். 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் பார்வைக் குறை இருக்கிறது, ஹார்மோன் குறை இல்லை. கண் பார்வை தப்பிய பிள்ளைக்கு மாற்றுத்திறனாளிச் சான்றிதழும் கிடைப்பது பாடு. ஆயுள் முழுக்கத் தேவைப்படும் ஹைட்ரோகார்டிசோனையும் டெஸ்மோபிரசினையும் மாவட்ட ஆஸ்பத்திரிகளில் இலவசமாகத் தடையின்றிக் கொடுக்கக் கர்நாடகம், தமிழ்நாடு இரண்டு மாநில அரசுகளும் ஏற்பாடு செய்ய வேண்டும். பதினெட்டு வயதானதும் குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறும்போது பலர் நடுவில் காணாமல் போகிறார்கள். ஒரு ஃபைலும் ஒரு போன் நம்பரும் இருந்தால் அதைத் தடுக்கலாம்.

நான் ஊசி சொல்லிக் கொடுத்த பிள்ளைகளில் சிலர் இன்று வேலைக்குப் போகிறார்கள். தங்கள் மருந்துப் பெட்டியைத் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும், பெற்றோரும் பள்ளியும் உள்ளூர் டாக்டரும் ஒருவருக்கொருவர் கைகொடுத்த வீடுகளிலிருந்து வந்தவர்கள் அவர்கள். எனவே பெற்றோருக்கு: மாத்திரையை நிறுத்தாதீர்கள், ஊசியைக் கைவசம் வையுங்கள், வருடப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். சின்ன ஊர் டாக்டர்களுக்கு: மூளைக்கட்டி ஆபரேஷன் ஆன பிள்ளை வாந்தியோடு வந்தால் முதலில் ஹைட்ரோகார்டிசோன் போடுங்கள், பிறகு காரணம் தேடுங்கள். ஆசிரியர்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும்: அந்தப் பிள்ளையின் எடையைப் பற்றி அதன் முன்னால் ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். அது தின்று வந்த எடை இல்லை. உயிர் பிழைத்ததற்கு அந்த உடம்பு கொடுத்த விலை.